இரண்டு காலும் வெளியே

மே 10, சனி

இன்றும் மகளின் ஆட்டத்தில் மேசை என் தலையில்தான். ஓக்லாந்தின் ஹென்டர்சன் மைதானம், காலை ஒன்பது மணி, குடைக்கும் அடங்காத சாரல். ஆட்டப் பட்டியலில் எந்த அணியின் பெயர் முதலில் வருகிறதோ அந்த அணிதான் மேசைக்கு இரண்டு பெற்றோரைத் தரவேண்டும். ஒருவர் கோல் எழுதலாம், அதற்கு எழுதத் தெரிந்தால் போதும். மற்றவர் நேரம் பார்த்து ஆட்களை எண்ணவேண்டும், அதற்கு ஒரு சின்னப் பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும். பரீட்சை என்றதும் எங்கள் கல்லூரிப் பெற்றோர் அத்தனை பேருக்கும் திடீரென்று சனிக்கிழமைகளில் வேலை வந்துவிட்டது. என் புருசன் தோமஸ் காரை விட்டு இறங்கவே இல்லை. "உமக்குத்தானே எண்ணுறது தொழில். நீரே இரும்" என்றார் மனுசன், ரேடியோவைத் திருகிக்கொண்டு.

உண்மைதான், தொழில்தான். சத்திரசிகிச்சை அறைத் தாதிக்கு எண்ணுவதைத் தவிர வேறென்ன வேலை.

கோல் எழுதியவள் மோகினி. ஃபிஜியிலிருந்து வந்தவள், நல்ல பகிடிக்காரி. அவளுடைய மகள் சோனமும் என் ஜெனுஷாவும் ஒரே அணி, இரண்டு பேருக்கும் பதினாறு. மோகினியிடம் மிச்சமிருக்கிற தமிழ் மூன்றே சொல். வா, சாப்பிடு, போதும். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும்.

வென்றோம், 11–7. ஜெனுஷாவுக்கு மூன்று கோல். வரும் வழியில் அவளுக்கு ஹொட் சிப்ஸ், எனக்கு ஜலதோஷம்.

மே 11, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து ரீ குடிக்கும்போது எங்கள் சனத்தில் ஒருத்தி, றோஷினி, கேட்டாள், "பிள்ளை விளையாடுறது ஹொக்கியோ, நெற்போலோ?" லக்ரோஸ் என்றேன். "அப்பிடியொண்டு இருக்கோ?" என்றாள். நான்தான் ஏதோ எங்கள் வீட்டுக் குசினியில் அதைக் கண்டுபிடித்தது போல ஒரு பார்வை.

மத்தியானம் மன்னாரிலிருந்து தங்கச்சி லோஜனாவும் போனில் அதையே கேட்டாள். விளங்கப்படுத்திக் களைத்துப்போனேன். நுனியில் வலை கட்டிய கம்பு, கையளவு பந்து. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாற்றலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் மேசைக்கு முன்னால் நட்டிருக்கும் இரண்டு கூம்புகளுக்கு நடுவால்தான் மாற்றலாம். உள்ளே இருப்பவள் வெளியே வந்தபிறகுதான் வெளியே நிற்பவள் உள்ளே போகலாம். முந்திக்கொண்டு போனால் ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் ஆகிவிடும். போனவள் ஒரு நிமிடம் மேசையருகே கதிரையில் இருக்கவேண்டும், அந்த நிமிடம் அவளுடைய அணி ஒரு ஆள் குறைவாக ஆடவேண்டும்.

"அதை ஆர் பாக்கிறது?" என்றாள்.

நான்.

"அப்ப சரி, அந்தப் பிள்ளையள் பாவம்" என்றாள் லோஜனா. ஒரே வயிற்றில் பிறந்தவள், என்னைத் தெரியும்.

மே 24, சனி

இன்று நான் ஒன்றைக் கண்டும் காணாமல் விட்டேன். எழுதிவைக்கிறேன்.

மற்ற அணியில் ஒருத்தி, வெளியே வருகிறவளின் ஒரு கால் இன்னும் கோட்டுக்குள் இருக்கும்போதே உள்ளே போய்விட்டாள். ஆட்டத்தை நிறுத்த ஊதுகிற ஹோர்னில் கை வைத்தேன். மோகினி என் முழங்கையைத் தட்டினாள். ஒரு கால்தானே, சனிக்கிழமை காலை, குளிர், பிள்ளைகள், விடு என்றாள். விட்டேன். பிறகு எங்கள் பக்கமும் ஒருத்தி அப்படியே போனாள். அதையும் விட்டேன், நியாயம் பார்த்து! இடைவேளையில் விசாரித்தால் எல்லா மேசையிலும் இதுதானாம் பழக்கம். ஒரு கால் உள்ளே என்றால் ஒருவரும் ஊதுவதில்லை. விதிப்புத்தகத்தில் இல்லாத விதி, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

ஊரோடு ஒத்துப்போய்விட்டேன். அரைக் கணக்கு.

ஜூன் 3, செவ்வாய்

வேலையில் இன்று வயிற்றைத் தைக்கிற நேரம் எண்ணினால், இரத்தம் ஒற்றுகிற துணி ஒன்று குறைகிறது. பலகையில் இருபது என்று எழுதியிருக்கிறது, கையில் பத்தொன்பது. டொக்டர் தையல் ஊசியைப் பிடித்துவிட்டார். தைக்க வேண்டாம் என்றேன். நேரமாகிறது, நீ பிழையாக எழுதியிருப்பாய் என்றார். இன்னொரு முறை எண்ணினேன். பத்தொன்பது. "தைக்க விடமாட்டேன்" என்றேன். மயக்கமருந்துக்காரர் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல. பதினொரு நிமிடம் தேடினோம். குப்பைத்தொட்டியின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

டொக்டர் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டாம். இருபது என்று எழுதியது இருபதாக வந்துவிட்டது. நான் அங்கே ஒரு மாதிரி, மேசையில் இன்னொரு மாதிரி. ஏன்?

ஜூன் 14, சனி

மேசை எங்களது. 10–9 வென்றோம். ஆனால் காரில் சண்டை.

ஜெனுஷா பெரிய சந்தோசத்தில் சொன்னாள். கோச் ஹேலி ஒரு உத்தி சொல்லிக்கொடுத்திருக்கிறாராம். வருகிறவள் கோட்டுக்கு வரும்வரை காத்து நிற்காதே, அவள் மூன்று நான்கு அடி தூரத்தில் இருக்கும்போதே பாய்ந்துவிடு. அந்த அரைச் செக்கனில் உன்னைப் பிடிக்க எதிரணியில் ஆள் இராது. இன்று இரண்டு கோல் அப்படித்தான் வந்தனவாம்.

"அது களவு" என்றேன்.

"அம்மா, எல்லாரும் செய்யினம்" என்றாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். அவளுக்குக் கோபம் வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். "நீங்கள்தானே மேசையில் இருந்தீர்கள். நீங்களே ஊதவில்லையே."

அது உண்மை. உண்மையானபடியால்தான் கத்தினேன் என்று நினைக்கிறேன். "இனி ஊதுவன். கேட்டுக்கொள். இனி என்ர மேசையில ரெண்டு காலும் வெளியில வரோணும். ஒரு கால், அரைக் கால் எல்லாம் முடிஞ்சுது. நீயெண்டாலும் ஊதுவன், ஆரெண்டாலும் ஊதுவன்."

"வட்டெவர்" என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் வீடு இருக்கும் ரானுயி வரும்வரை தோமஸ் மட்டும் வழியில் கண்ட வீடுகளின் கூரைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். அவர் எலக்ட்ரீஷியன், கூரை ஏறியே பழக்கம்.

ஜூன் 15, ஞாயிறு

கோச்மாருக்கும் சொல்லவேண்டுமோ? ஜெனுஷா சொல்லுவாள்தானே.

ஆகஸ்ட் 9, சனி

விடுமுறையும் மழையும் போக, காரில் சொன்னதற்குப் பிறகு ஆடிய மூன்று ஆட்டத்திலும் மேசை மற்ற அணிகளுடையது. சும்மா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கை துருதுருவென்றது. இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. புள்ளிப் பட்டியலில் இரண்டாவது இடம். அரையிறுதி வரும் சனி பக்குரங்காவில், நீலச் சட்டைக்காரிகளோடு. எங்கள் பெயர் முதலில் வருகிறது, அதனால் மேசையும் எங்களுடையது.

ஓக்லாந்து பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆள் தெரிவு செய்கிறவர்கள் இறுதி ஆட்டத்துக்கு மட்டும்தான் வருவார்களாம். அதனால் அரையிறுதியை வென்றே ஆகவேண்டும். ஜெனுஷா வீட்டுச் சுவரில் பந்தடித்து அடித்துப் பெயின்ற் போய்விட்டது. ஓக்லாந்து அணியின் கறுப்பு ஜம்பரை இணையத்தில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் போனதும் போனைக் கவிழ்த்துவிட்டாள்.

ஆகஸ்ட் 16, சனி — மத்தியானம்

ஈர உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை. எழுதிவிடவேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்லச் சொல்ல எனக்கே கதை மாறிவிடும்.

நாலாவது கால்பகுதி. 8–8. நல்ல மழை, எல்லாருடைய போனும் பொக்கற்றுக்குள். மணிக்கூட்டில் ஒரு நிமிடமும் சொச்சமும். சோனம் காலைப் பிரட்டிக்கொண்டாள். மைதானத்துக்குள் இருந்து நொண்டி நொண்டிக் கூம்பை நோக்கி வருகிறாள். ஜெனுஷா கூம்புக்கு நடுவே கம்போடு தயாராக நிற்கிறாள். சோனம் இன்னும் பத்து மீற்றர் உள்ளே. ஒரு காலுமில்லை, அரைக் காலுமில்லை, பத்து மீற்றர்!

ஹேலி கத்துகிறார். "கோ! கோ! கோ!"

ஜெனுஷா என்னைப் பார்த்தாள்.

இதை நான் சாகும்வரை மாற்றிச் சொல்லமாட்டேன். அவள் கோச்சைப் பார்க்கவில்லை, சோனத்தைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்தாள். அம்மா ஊதமாட்டா என்று அந்தப் பார்வையில் இருந்தது. பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அப்போதே ஊதியிருக்கவேண்டும். ஊதவில்லை. எத்தனை செக்கன்? மூன்று, நான்கு. அதற்குள் பந்து அவளிடம் வந்துவிட்டது, அவளைப் பிடிக்க ஒருத்தியும் இல்லை, ஒரே வீச்சு, உள்ளே. என் வாயும் "ஆ" என்றது. அதையும் எழுதுகிறேன்.

9–8. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடிக்கிறார்கள். இந்த அமளிக்குள் சோனம் நொண்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள். இப்போது எண்ணினால் பன்னிரண்டு. யார் எண்ணினாலும் பன்னிரண்டு. அம்பயர்மார் இருவரும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றவர்கள், காணவில்லை. நீலச் சட்டைக்காரிகளும் காணவில்லை. நிச்சயமாகத் தெரிந்தது எனக்கும் மோகினிக்கும் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும்தான். நடுவில் பந்தை வைத்து மறுபடி ஆட்டம் தொடங்கிவிட்டால் அந்த கோலை எவராலும் அழிக்க முடியாது. விதி அப்படி. அம்பயர் பந்தோடு நடுவுக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வேறொன்றும் செய்யத் தேவையில்லை.

மோகினியின் பேனை ஒன்பது என்ற இலக்கத்தில் நிற்கிறது. அவளும் என்னைப் பார்க்கிறாள். ஹோர்னுக்குப் போன என் கைமேல் தன் கையை வைத்தாள். "போதும்" என்றாள், தமிழில். "போதும், டோறின்."

கையை உதறிவிட்டு அழுத்தினேன். எனக்கே செவிடுபடுகிற மாதிரி.

அம்பயர் ஓடி வந்தார். நெட்டையான பொம்பிளை. எத்தனை பேர் என்று கேட்டார். பதின்மூன்று. எப்போது? கோலுக்கு முன்பிருந்து கோல் விழும்வரை. எந்த இலக்கம் முந்திப் போனது? இருபத்திரண்டு என்றேன். அந்த இருபத்திரண்டைப் போன மாதம் கழுவிக் காயவைத்து, கழன்ற மூலையைத் தைத்துக் கொடுத்தவள் நான்.

கோல் இல்லை. 8–8. இருபத்திரண்டுக்கு ஒரு நிமிடம் கதிரை.

அந்தக் கதிரை என் இடது பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரம். வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை, குழியில் மழைத்தண்ணீர். ஜெனுஷா வந்து அந்தத் தண்ணீருக்கு மேலேயே இருந்தாள். மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. என்னைப் பார்க்கவில்லை. தண்டனையில் இருக்கிற பிள்ளை எவ்வளவு நேரம் என்று மேசையைத்தான் கேட்கவேண்டும்.

"எவ்வளவு?" ஆங்கிலத்தில்.

"ஒரு நிமிசம்."

"ஆட்டத்திலேயே ஐம்பத்திரண்டு செக்கன்தான் இருக்கிறது."

"ஓம்."

ஆட்டத்து மணிக்கூடு மேசையில். தண்டனை நேரத்துக்கு நான் என் நெஞ்சில் குத்தியிருக்கிற தாதி மணிக்கூட்டைத்தான் பார்ப்பது. பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் வேறு எங்கே பார்ப்பது? எங்கள் பக்கம் பதினொருவர். பத்தொன்பது செக்கன் இருக்கும்போது நீலச் சட்டைக்காரிகள் கோல் போட்டார்கள். 9–8, அவர்களுக்கு. முடிந்தது. விசில்.

"முடிஞ்சுது. எழும்பு" என்றேன்.

"இல்லை. எட்டுச் செக்கன் மிச்சம் இருக்கு" என்றாள், குத்தலாக. பிறகு எழும்பிப் போனாள். கைகுலுக்கும் வரிசையில் கடைசி ஆளாக நின்றாள்.

காருக்குள் தோமஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தார். "உமக்கென்ன விசரே? அம்பயரே காணேல்லை!"

"அம்பயர் காணாததைக் காணத்தான் மேசை."

"சொந்தப் பிள்ளை, டோறின்!"

"அவளெண்டபடியாத்தான் நாலு செக்கன் பிந்தினது. மற்றப் பிள்ளையெண்டா உடன ஊதியிருப்பன். அந்த நாலு செக்கனுக்குத்தான் எனக்கு வெக்கம். மற்றதுக்கு இல்லை."

பின்சீற்றில் ஜெனுஷா காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டாள். பக்குரங்காவிலிருந்து ரானுயிக்கு அவ்வளவு தூரம் என்று இன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூசையில் எல்லாரும் கைகொடுத்துச் சமாதானம் சொல்கிற நேரம், றோஷினி பக்கத்து வரிசையில் இருந்தும் கை நீட்டவில்லை. வெளியே வந்து சொன்னாள், "பெத்த தாய் செய்யிற வேலையே?" ஓம், பெத்த தாய் செய்கிற வேலைதான் என்றேன். லக்ரோஸ் என்று ஒன்று இருப்பதே போன மே மாதம் வரை இவளுக்குத் தெரியாது.

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று யோசித்தேன். எதைச் சொல்வது? ஊதியது பாவமா, பிந்தியது பாவமா?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூன்று நாளாக எனக்கு "யெஸ்", "நோ", "ஃபைன்". சாப்பாட்டுக் கோப்பையை அறைக்குள் கொண்டுபோகிறாள். கதவு சாத்துகிற சத்தத்தில் ஒரு மரியாதை இருக்கிறது, அடித்துச் சாத்தவில்லை. அதுதான் கூட எரிச்சலாக இருக்கிறது.

நான் போய் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. கோச் ஹேலி எழுதியது, போட்டிக் குழுவுக்கு முறைப்பாடு. பெற்றோர் எல்லாரும் கையெழுத்து வைக்கவேண்டுமாம். ஒரே மின்னஞ்சல் பட்டியல் என்பதால் என் பெயருக்கும் வந்துவிட்டது. எடுத்துவிட மறந்திருப்பார், பாவம்.

இரண்டு விசயம் எழுதியிருக்கிறார். ஒன்று: மேசையில் இருந்த தாய் இந்த வருடம் முழுக்க முந்திப் போனவர்களை ஊதாமல் விட்டுவிட்டு, அரையிறுதியில், ஒருவருக்கும் முன்னறிவிப்பு இல்லாமல், திடீரென்று ஊதினார். இரண்டு: கோல் விழுந்த நேரம் சோனம் வெளியே வந்துவிட்டாள், ஆகவே பன்னிரண்டு பேர்தான். ஆட்டத்தைத் திரும்ப ஆட விடவேண்டும்.

முதலில் நன்றாகக் கோபம் வந்தது. முன்னறிவிப்பு இல்லையா? ஜூன் மாதமே சொன்னேனே! யாருக்குச் சொன்னேன்? காரில், என் மகளுக்கு. உடனே ஜெனுஷாவின் கதவைத் தட்டிக் கேட்டேன், ரெண்டு கால் விசயத்தைக் கோச்சுக்குச் சொன்னாயா என்று. கதவைத் திறந்தாள். ஐந்து நாளில் முதல் முழு வசனம். "என் அம்மா சொல்லிவிட்டா என்று போய் நான் கோச்சுக்குச் சொல்லவா? எனக்கென்ன ஐந்து வயதா?"

சரிதான். நான் என் பிள்ளைக்குச் சொன்னதை ஊருக்கே சொன்னதாக நினைத்துக்கொண்டேன். எங்கள் சனத்துக்கு இது ஒரு பழக்கம், பெரிய ஆட்களுக்குச் சொல்லவேண்டியதைப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவது. இரண்டு கோச்மாரின் முகத்துக்கு நேரே போய் நான் சொல்லியிருக்கவேண்டும். மற்ற அணிக்கு ஒரு சொல்லும் போகவில்லை. என் மகளுக்கு மட்டும் தெரிந்த விதி அது. நீலச் சட்டைக்காரி ஒருத்தியை நான் ஊதியிருந்தால்? அது என்ன நியாயம்?

ஆக முதலாவது விசயம் முழுக்க உண்மை.

கடிதத்தை அச்செடுத்தேன். இரண்டாவது விசயத்தைக் கோடு போட்டு வெட்டினேன். கீழே "பதின்மூன்று. எண்ணினேன்" என்று எழுதினேன். முதலாவதற்குக் கீழே என் கையெழுத்தை வைத்தேன், எல்லாருக்கும் முதலில், பெரிதாக. படம் எடுத்து அதே பட்டியலுக்கு அனுப்பிவிட்டேன்.

தோமஸ் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "உமக்கு எதிரா வந்த பெட்டிசத்தில நீரே கையெழுத்து வைக்கிறீரோ?"

"அதில உள்ளது உண்மைதானே."

சிரித்துவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று அடக்கிப் பார்த்தும் சிரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எனக்குப் பிறகு கையெழுத்து வைத்தவர்கள் நான்கு பேர். மோகினி வைக்கவில்லை. ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள்: "நீ ஒரு பைத்தியம்." பின்னால் ஒரு சிரிப்பு முகம்.

ஆகஸ்ட் 27, புதன்

விசாரணை. ஹென்டர்சனில் ஒரு கழகக் கட்டடம், பின்னேரம் ஐந்து மணி, ஒரு தட்டு பிஸ்கற். குழுவில் மூன்று பேர். ஹேலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேலை உடுப்போடேயே போனேன், மணிக்கூட்டைக்கூடக் கழற்றவில்லை.

ஹேலி கெட்ட மனுசி இல்லை. பிள்ளைகளுக்காகக் கத்துகிறவர், அழக்கூடச் செய்தார். ஆனால் பன்னிரண்டு என்றார். நான் பதின்மூன்று என்றேன். தலைவர் ஒரு கிழவர், நல்ல சாந்தம், என்னிடம் வழி காட்டுகிறவர் போலக் கேட்டார். மழை, சத்தம், கண்ணாடியில் தண்ணீர், ஒருவேளை உங்களுக்கு நிச்சயமில்லாமல் இருந்திருக்கலாம் அல்லவா? நிச்சயமில்லை என்று எழுதிக்கொடுத்தால் ஆட்டத்தைத் திரும்ப வைக்க ஒரு வழி இருக்கிறது.

கதவு திறந்துதான் இருந்தது. இறுதி ஆட்டம், தெரிவு, கறுப்பு ஜம்பர், எல்லாம் அதற்கு அந்தப் பக்கம். வீட்டில் அவளுடைய சோற்றுக் கோப்பை திரும்பவும் சாப்பாட்டு மேசைக்கு வரும். ஒரு சொல் தானே.

"நான் வயித்துக்குள்ள துணியை எண்ணுறவள், ஐயா" என்றேன். ஆங்கிலத்தில் அது இன்னும் பச்சையாகக் கேட்டது. "எனக்கு நிச்சயம் இல்லையென்றால் ஊதியிருக்கமாட்டேன். பதின்மூன்று. வருடம் முழுக்க ஒரு காலை விட்டது என் பிழை. கோச்மாருக்குச் சொல்லாதது என் பிழை. நான்கு செக்கன் பிந்தியது என் பிழை. மூன்றுக்கும் என்ன தண்டனையோ தாருங்கள். எண்ணிக்கையை மட்டும் கேட்காதீர்கள்."

பிறகு தலைவர் ஒரு உறையைத் திறந்தார். பிள்ளைகள் கண்டதைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லியிருந்தார்களாம். எனக்குத் தெரியாது. ஆறு தாள். நான்கில் காணவில்லை என்று இருந்தது. ஒன்றில், "நான் நொண்டிக்கொண்டு வந்தேன், இன்னும் உள்ளேதான் இருந்தேன்." அது சோனம். கடைசித் தாளில் மூன்று வரி. அவர் வாசித்தார்.

"அவள் பத்து மீற்றர் உள்ளே. நான் மேசையைப் பார்த்தேன். பிறகு போனேன்."

நான் பிஸ்கற் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்தால் ஹேலி கண்டுவிடுவார்.

முடிவு: நீலச் சட்டைக்காரிகளின் 9–8 நிற்கும். ஒரு கால் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி எல்லா அணிக்கும் கடிதம் போகும். எனக்கு இந்த வருடம் முடியும்வரை மேசையில் இருக்கத் தடை. சரி என்றேன். அது எனக்கு வேண்டியதுதான். ஊதியதற்கல்ல, ஊதாமல் விட்டதற்கு. அந்த வசனத்தை அப்படியே எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். தலைவர் சிரிக்காமல் எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்து ஜெனுஷாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெயர் போடாத தாள். கோழிக்கறி வைத்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

இறுதி ஆட்டம் நடந்திருக்கும். நாங்கள் போகவில்லை. ஜெனுஷா சுவரில் பந்தடித்தாள், காலையிலிருந்து மத்தியானம் வரை. ஒருவரும் அவளை நிற்பாட்டவில்லை.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் வரும் சனி. மேசை எங்களது, பரீட்சை பாஸான ஆள் இல்லாவிட்டால் ஆடாமலே தோல்வி. ஹேலி பெற்றோருக்கெல்லாம் எழுதிக் கெஞ்சியிருக்கிறார். எனக்கும் வந்தது, அந்தப் பட்டியலை இன்னும் திருத்தவில்லை.

செப்டெம்பர் 2, செவ்வாய்

மோகினி பரீட்சை எழுதிப் பாஸ்! நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. எனக்குத் தொண்ணூற்றிரண்டுதான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

செப்டெம்பர் 6, சனி

ஹென்டர்சன். மழை இல்லை, காற்றுத்தான். கோட்டுக்கு வெளியே பெற்றோர் நிற்கிற இடத்தில் நின்றேன். ஒருசிலர் கொஞ்சம் விலகி நின்றார்கள், நன்றாக இடம் கிடைத்தது. தோமஸ் இந்த முறை காரை விட்டு இறங்கி வந்தார். இரண்டாவது கால்பகுதியில் என் காதுக்குள் "இப்ப எத்தினை பேர்?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். "எனக்கும் பன்னிரண்டுதான்" என்றார், ஏதோ தேர்தலில் வென்றவர் போல.

மோகினி ஆட்டம் தொடங்கமுன் இரண்டு கோச்மாரையும் மேசைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள், இரண்டு காலும் வெளியே என்று. சொன்னபடி செய்தாள். மூன்று முறை ஊதினாள், ஒன்று சோனத்துக்கு! சோனம் கதிரையில் இருந்துகொண்டு தாயை முறைத்த முறைப்பை நான் ஆறுதலாகப் பார்த்து இரசித்தேன்.

கடைசிக் கால்பகுதியில் 6–7, நாங்கள் பின்னால். சோனம் களைத்து ஓடி வருகிறாள். ஜெனுஷா கூம்புக்கு நடுவே. எதிரணியின் பக்கம் திறந்து கிடக்கிறது, எனக்கே தெரிகிறது. ஹேலி வாயைத் திறந்து "கோ" என்றார், பழக்க தோசம். ஜெனுஷா அசையவில்லை. மேசையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சோனத்தின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கால். மற்றக் கால். பிறகுதான் போனாள். போனபோது அந்தத் திறப்பு மூடிவிட்டது.

தோற்றோம், 6–8. நாலாம் இடம். தெரிவாளர் ஒருவரும் வரவில்லை. அடுத்த வருடத் தெரிவு மார்ச்சில் என்று யாரோ சொன்னார்கள்.

எல்லாரும் கூடாரத்தைக் கழற்றுகிறார்கள். மோகினி தாள்களை அடுக்குகிறாள். நான் மேசையை மடிக்க உதவிக்குப் போனேன், அதற்குத் தடை இல்லை. ஜெனுஷா வந்தாள். முழங்காலெல்லாம் சேறு. நேரே மேசையருகே கிடந்த தண்டனைக் கதிரையில் போய் இருந்தாள், கம்பை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி.

எனக்கு விளங்கவில்லை. "களைப்பே? எழும்பு, கதிரையை அடுக்கோணும்" என்றேன்.

"எவ்வளவு?" என்றாள்.

அப்போதுதான் விளங்கியது. பக்குரங்காவில் மிச்சம் நின்ற கணக்கு. நெஞ்சில் குத்தியிருந்த மணிக்கூட்டைக் கையால் நிமிர்த்திப் பிடித்தேன்.

"எட்டுச் செக்கன்" என்றேன்.

முள்ளு நகர்ந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், அவள் மைதானத்தைப் பார்த்தாள். மோகினி தாளடுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"முடிஞ்சுது. எழும்பு."

"ஒரு செக்கன் கூட விட மாட்டீங்கள், என்ன?" என்றாள். தமிழில்.

"மாட்டன்."

எழும்பினாள். கதிரையைத் தானே தூக்கி மற்றவற்றின் மேல் அடுக்கினாள். பிறகு, அப்பா காரை எங்கே விட்டிருக்கிறார் என்று கேட்டாள்.